பட்டைக்கு ஒரு பீப், மாத்திரைக்கு ஒரு பீப்

மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போய்விட்டு வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரே ஒரு பாரசிட்டமால் கொடுக்கக்கூட நர்ஸ் ஒரு கம்ப்யூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். மகள் கையில் கட்டியிருந்த பட்டையை சூப்பர் மார்க்கெட்டில் செய்வது மாதிரி ஒரு பீப், மாத்திரை உறையை ஒரு பீப், அதற்கப்புறம்தான் தண்ணீரே. இதெல்லாம் பில் போடத்தானே?”

நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதைக் கண்டுபிடித்தது கணக்குப் பிரிவு இல்லை, ஒரு நர்ஸ்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசே நடத்தும் மருத்துவமனைகள் உண்டு. கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் அப்படி ஒன்றில் வேலை பார்த்தவர் சூ கின்னிக். 1992இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடை ஸ்கேன் செய்து கணக்கை முடித்ததைப் பார்த்தார். காருக்கே இவ்வளவு கவனமென்றால் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கு ஏன் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சில ஆண்டுகளில் அவருடைய மருத்துவமனையிலேயே முதல் மாதிரி ஓடியது; 2000 வாக்கில் அந்த அமைப்பின் மருத்துவமனைகளுக்கெல்லாம் பரவியது. நர்ஸ் வேலையையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ‘செவிலியத் தகவலியல்’ என்பதை அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் தனித் துறையாக ஏற்றுக்கொண்டதும் அதே 1992இல்தான்.

அந்த வண்டியிலுள்ள கம்ப்யூட்டரில் நர்ஸ் பார்ப்பது மின்னணு மருத்துவப் பதிவேடு. அது என்ன என்று நீட்டி முழக்கப் போவதில்லை. கட்டில் காலில் தொங்கிய கேஸ் ஷீட் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, டாக்டர், நர்ஸ், மருந்தகம், லேப் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது அந்த இரண்டு பீப்புக்கும் நடுவில் நடப்பது.

கைப்பட்டையின் பார்கோடுக்குள் வியாதியோ மருந்தோ எதுவும் இல்லை, ஒரு எண் மட்டும். அதை ஸ்கேன் செய்ததும் அந்த ஆளின் மருந்துப் பட்டியல் திரையில் விரிகிறது. மாத்திரை உறையில் இருப்பதும் ஒரு எண்தான்: தயாரித்த கம்பெனி, மருந்து, அதன் வீரியம், எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். (மருந்து உறைகளில் இந்தப் பார்கோடு கட்டாயம் என்று அமெரிக்க அரசு 2004இல் விதி போட்டது.) இப்போது சிஸ்டம் இரண்டாவது எண்ணை முதல் எண்ணின் பட்டியலில் தேடுகிறது. இந்த மருந்து இவருக்கு எழுதப்பட்டிருக்கிறதா? இந்த நேரத்துக்கா? டாக்டர் எழுதியது 100 மில்லிகிராம், கையில் இருப்பது 50 என்றால், பாதிதான் ஆகியிருக்கிறது, இன்னொன்றையும் ஸ்கேன் செய் என்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்னால் டாக்டர் தன் அறையில் உட்கார்ந்தபடியே அந்த மருந்தை நிறுத்தியிருந்தால், பட்டியலில் அது இருக்காது. காகிதக் காலத்தில் அந்தச் செய்தி வார்டுக்கு நடந்து வருவதற்குள் மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கும். எல்லாம் பொருந்தினால் கொடுத்த நேரமும் தானாகவே பதிவாகிவிடுகிறது, டியூட்டி முடியும்போது ஞாபகத்திலிருந்து எழுத வேண்டியதில்லை.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நர்சிங் மாணவிகள் மனப்பாடம் செய்யும் ஐந்தில் நான்கை அந்த ஒரு நொடியில் பார்த்தாகிவிட்டது. ‘வழி’ மட்டும் முடியாது. ஊசி நரம்பில் ஏறுகிறதா சதையில் ஏறுகிறதா என்று ஸ்கேனருக்குத் தெரியாது.

இது ஏன் தேவை? 2007இல் லாஸ் ஏஞ்சலஸில் நடிகர் டென்னிஸ் குவெய்டின் பச்சைக்குழந்தைகள், இரட்டையர், மருத்துவமனையில் இருந்தார்கள். ட்ரிப்ஸ் குழாய் அடைக்காமல் இருக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஒரு மில்லிக்கு 10 யூனிட் போட வேண்டும்; போட்டது 10,000 யூனிட் புட்டியை. ஆயிரம் மடங்கு. இரண்டு புட்டியின் லேபிளும் நீலம். நல்லவேளையாகக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் அசட்டையானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தினமும் ஒரே இடத்திலிருந்து எடுக்கும் நீலப் புட்டியை மனிதக் கண் படிப்பதில்லை, அடையாளம்தான் காண்கிறது. ஸ்கேனருக்கு நீலம் தெரியாது. அதுதான் அதன் பலமே.

பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் இந்த ஸ்கேன் முறை வருவதற்கு முன்னும் பின்னும் பிழைகளை எண்ணிப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். நேரம் தவறுவதைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் பிழை 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தது. டாக்டர் எழுதியதைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதும்போது வரும் பிழை சுத்தமாகப் பூஜ்யம், ஏனென்றால் பார்த்து எழுதுகிற வேலையே இப்போது இல்லை.

சரி, பூஜ்யம் ஆகாமல் 6.8இல் ஏன் நின்றது? இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், அவற்றில் ஒன்றை 2008இல் வந்த இன்னொரு ஆய்வில் பார்க்கலாம். அமெரிக்க ஆய்வாளர் ராஸ் காப்பெலின் குழுவினர் ஐந்து மருத்துவமனைகளில் நர்ஸ்களின் பின்னாலேயே நடந்து, அவர்கள் இந்தச் சிஸ்டத்தை எப்படியெல்லாம் சுற்றிப் போகிறார்கள் என்று குறித்தார்கள். பதினைந்து விதம்! நோயாளியின் பார்கோடை இன்னொரு பிரதி எடுத்துக் கதவு நிலையில் ஒட்டிவைப்பது, வண்டியில் ஒட்டுவது, இடுப்புப் பெல்ட்டில் சாவிக்கொத்து மாதிரி மாட்டிக்கொள்வது, பல நோயாளிகளின் மருந்தை முன்கூட்டியே ஸ்கேன் செய்து ஒரே வண்டியில் அடுக்கிப் போவது. பீப் ஒழுங்காகத்தான் வரும், ஆனால் இப்போது சிஸ்டம் சரிபார்ப்பது ஆளை இல்லை, கதவை.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணங்களையும் எண்ணியிருக்கிறார்கள், முப்பத்தொன்று: பட்டை நனைந்து எழுத்து கலைந்திருக்கும், நோயாளி அதைக் கடித்து வைத்திருப்பார், உறை கசங்கியிருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், அந்த மூலைக் கட்டிலுக்கு மட்டும் வைஃபை எட்டாது. அசந்து தூங்குகிறவரின் கை போர்வைக்குள் இருக்கிறது, எழுப்புவதா வேண்டாமா? ஒவ்வொரு சுற்றுவழியும் சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை எங்கே என்று காட்டும் வரைபடம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் செவிலியத் தகவலியல்காரர்கள், பாதி நர்ஸ், பாதி சிஸ்டம் ஆள். சாஃப்ட்வேர் வாங்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கிவிட்டு, இரவு டியூட்டி நர்ஸோடு அந்த சாஃப்ட்வேர் எழுதுபவரை ஒரு வாரம் நடக்கவிடக் காசில்லை என்பார்கள். பீப் வந்தால் எல்லாம் சரி என்பது எனக்கென்னவோ கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வதைவிடப் பெரிய மூடநம்பிக்கையாகத் தெரிகிறது.

நம் ஊரில் எல்லா வார்டிலும் இதைக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்டால், முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள் என்பேன். 2023 ஆகஸ்ட்டிலிருந்து 300 பிராண்டு மருந்துகளில் க்யூஆர் கோடு கட்டாயம். போலி மருந்தைப் பிடிக்க நல்ல வழிதான், ஆனால் பத்து மாத்திரை அட்டைக்கு ஒரே கோடு என்றால் கட்டிலருகே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க மருத்துவமனையில் ஒவ்வொரு மாத்திரையும் தனி உறையில், தனிப் பார்கோடோடு வார்டுக்கு வருகிறது. இங்கே கடைக்காரர் கத்தரியை எடுத்து நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கிறார். என் மேஜை டிராயரில் இப்போது அப்படி ஒரு துண்டு கிடக்கிறது. அதில் மிச்சமிருப்பது ‘...மால் 650’ மட்டும்.

அப்புறம், அந்தப் பில். இரண்டாவது பீப் விழுந்த நொடியில் பல மருத்துவமனைகளில் அந்த மாத்திரையின் விலையும் கணக்கில் ஏறிவிடும், அதில் வாசகி சொன்னது சரிதான். ஒரு பாரசிட்டமாலுக்கு எவ்வளவு போட்டார்கள் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.