ஆந்தெரிடியோஜன்: பெரணிகளின் ஆணணுவகத் தூண்டி

பெரும்பாலான பெரணிகளில் ஒரே அளவு வித்துகளே (ஸ்போர்களே) உண்டு. எந்த வித்து ஆணாகும், எது இருபாலாகும் என்பதை எந்தக் குரோமோசோமும் தீர்மானிப்பதில்லை. அவற்றுள் பலவற்றில், அருகில் முன்பே முளைத்த புரோதாலஸ் (வித்து முளைத்து உருவாகும், விந்தும் முட்டையும் தாங்கும் சிறு செடி) ஒன்று இருக்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. முதலில் முதிர்ந்த புரோதாலஸ் சுற்றியுள்ள ஈரத்தில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. பின்னால் முளைப்பவை அதை உறிஞ்சி ஆணாகிவிடுகின்றன. அந்தப் பொருளின் பெயர்தான் ஆந்தெரிடியோஜன்.

சொல்லின் முற்பகுதி ஆந்தெரிடியம், அதாவது விந்தணுக்கள் உருவாகும் நுண்ணிய பை. பெரணிகளில் இதன் சுவர் பொதுவாக மூன்றே செல்களால் ஆனது. ‘ஆந்தோஸ்’ என்றால் கிரேக்கத்தில் பூ. அதிலிருந்து வந்த ‘ஆந்தர்’ மலரின் மகரந்தப்பையைக் குறிக்கிறது. அதனோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்து, ‘குட்டி மகரந்தப்பை’ என்ற பொருளில் ஆந்தெரிடியம் ஆனது. பூவே பூக்காத செடிக்குப் பூவின் பெயர் வந்தது, அக்காலத் தாவரவியலார் எதையும் மலரோடு ஒப்பிட்டே பார்த்ததால். பெரணியின் புரோதாலஸில் இந்தப் பைகளை நேகெலி 1844-இல் கண்டார். முட்டை இருக்கும் ஆர்க்கிகோனியத்தை 1848-இல் சுமின்ஸ்கி விளக்கினார்.

பிற்பகுதியான ‘ஜன்’, பிறப்பிப்பது என்ற பொருளுடையது. பழைய கட்டுரைகளில் ‘ஆந்தெரிடோஜன்’ என்று நடுவில் இகரம் இல்லாமலும் வரும். தேடும்போது இரண்டு வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெரணியின் பொருளையும் குறிக்க ‘ஏ’ என்ற எழுத்தின் அடியில் பேரினப் பெயரின் சுருக்கத்தை எழுதுவது வழக்கம். டெரிடியத்தினுடையது ஏ-பிடி, செரடாப்டெரிஸினுடையது ஏ-சிஇ.

இதற்குத் தமிழில் ‘ஆண் ஹார்மோன்’ என்று எழுதுவது தவறு. இதைச் சுரப்பது ஆண் அல்ல, ஆர்க்கிகோனியம் தாங்கும் முதிர்ந்த புரோதாலஸ். தவிர, ஹார்மோன் ஓர் உடலுக்குள் வேலை செய்வது. இதுவோ ஓர் உடலிலிருந்து வெளியேறி இன்னொன்றில் வேலை செய்கிறது, ஆகவே ஃபெரோமோன் வகையைச் சேர்ந்தது. ‘ஆணகத் தூண்டி’ என்பது நாவுக்கு எளிது. ஆனால் மலரின் மகரந்தத்தாள் வட்டத்துக்கு ‘ஆணகம்’ என்ற பெயர் ஏற்கெனவே புழங்குவதால் குழப்பம் வரும். ஆந்தெரிடியத்தை ஆணணுவகம் என்றும், ஆர்க்கிகோனியத்தைப் பெண்ணணுவகம் என்றும் இணையாக வைத்துக்கொண்டு, ஆந்தெரிடியோஜனை ‘ஆணணுவகத் தூண்டி’ என்று சொல்வதே சரியாகப் பொருந்தும். ‘ஆக்கி’யைவிடத் ‘தூண்டி’ நல்லது. இந்தப் பொருள் உறுப்பைத் தானே கட்டுவதில்லை, செல்லில் ஏற்கெனவே இருக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

இப்படியொரு பொருள் இருப்பதை 1950-இல் வால்டர் டோப் காட்டினார். டெரிடியம் அக்விலினம் என்ற பெரணியின் வளர்ந்த புரோதாலஸ்கள் இருந்த ஊடகத்தில் இளம் புரோதாலஸ்களை வைத்தபோது அவற்றில் ஆணணுவகங்கள் சீக்கிரமே தோன்றின. 1962-இல் ஷ்ராடோல்ஃப், அனீமியா ஃபில்லிடிடிஸ் பெரணியில் ஜிப்ரலின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோன் குடும்பத்தைச் சேர்ந்த ஜிப்ரலிக் அமிலமும் அதே வேலையைச் செய்வதைக் கண்டார். இந்தத் துறையின் திருப்புமுனை இதுதான். பின்னர் அனீமியா, லைகோடியம் பேரினங்களின் தூண்டிகள் ஜிப்ரலின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அவற்றின் வேதிக் கட்டமைப்பே உறுதிசெய்தது. லைகோடியம் ஜபோனிக்கத்தில் ஜிஏ73-மெத்தில் எஸ்டர் (ஜிஏ என்பது ஜிப்ரலினின் சுருக்கம், எண் அதன் வகையைக் குறிக்கும்) 10⁻¹⁴ மோலார் செறிவிலேயே வேலை செய்கிறது.

லைகோடியத்தின் மரபணுக்களைப் பின்தொடர்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு, இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள மிக முக்கியமானது. விதைத் தாவரம் தனக்கு வேண்டிய ஜிப்ரலினைத் தன் உடலுக்குள்ளேயே கடைசிப் படி வரை செய்து முடிக்கும். லைகோடியமோ அந்த வேலையை இரண்டு செடிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. முதிர்ந்த புரோதாலஸில் முந்தைய படிகளுக்கான மரபணுக்கள் இயங்குகின்றன, கடைசிப் படியைச் செய்யும் ஜிஏ 3-ஆக்சிடேஸ் என்ற நொதியின் மரபணு மட்டும் அடங்கியிருக்கிறது. அதனால் அது ஜிஏ9 வரை செய்து, மெத்தில் தொகுதி ஒன்றைச் சேர்த்து வெளியே விடுகிறது. மெத்தில் சேர்ந்த மூலக்கூறு நீரை அவ்வளவாக நாடாது, செல் சவ்வை எளிதாகக் கடக்கும். இளம் புரோதாலஸ் அதை உள்வாங்கி மெத்திலைக் கழற்றுகிறது, தன்னிடமுள்ள 3-ஆக்சிடேஸால் ஜிஏ4 ஆக்குகிறது. ஜிஏ4 ஜிஐடி1 ஏற்பியில் பொருந்தியதும் டெல்லா என்ற தடைப்புரதம் சிதைகிறது, ஆணணுவகம் உருவாகும் வழி திறக்கிறது.

எனவே வெளியே கசிவது செயல்படும் ஹார்மோன் அல்ல, அரைகுறையாகச் செய்யப்பட்ட முன்னோடி. சுரக்கும் புரோதாலஸே ஆணாகிவிடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்: கடைசிப் படிக்கான நொதி அதனிடம் அடங்கியிருக்கிறது.

இந்த ஏற்பாடு எப்படிப் பரிணமித்தது? ஜிப்ரலின் ஏற்புக்குக் கீழே ஜிஏமிப் என்ற படியெடுத்தல் காரணி (மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம்) இருக்கிறது. நெல்லில் மகரந்தப்பையின் உள்ளடுக்கும் மகரந்தத்தின் சுவரும் சரியாக அமைய இது வேண்டும். ஃபிஸ்கோமிட்ரெல்லா பாசியிலோ நெல்லில் உள்ளதுபோன்ற ஜிப்ரலின் ஏற்பு இல்லை. ஆனாலும் அதன் ஜிஏமிப் மரபணுக்கள் வித்தின் சுவரையும் ஆணணுவகத்தையும் அமைக்கின்றன. ஆக, இனப்பெருக்க இயந்திரம் பழையது. ஜிப்ரலின் சமிக்ஞை பின்னால் வந்து, கடத்துதிசுத் தாவரங்களின் வழியில் அதோடு இணைந்துகொண்டது. பெரணிகளில் சில அந்த இணைப்பை அயல்செடிக்குச் செய்தி அனுப்பவும் பயன்படுத்திக்கொண்டன. ஆணணுவகத்துக்கு மகரந்தப்பையின் பெயரை இட்டவர்களுக்கு மரபணு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் இரண்டு உறுப்புகளுக்கும் ஜிஏமிப் பொதுவாக இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரணியில் பூ மரபணுக்களின் உறவுகள் இருப்பதைப் பார்த்து, அவற்றைப் ‘பூவுக்கான முன்னேற்பாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பூக்கும் தாவரத்தில் லீஃபி மரபணு பூமொட்டைத் தீர்மானிக்கிறது. செரடாப்டெரிஸில் அதன் இரண்டு பிரதிகள் நுனிச் செல் தொடர்ந்து பிரிவதற்குத் தேவைப்படுகின்றன. பாசியில் அதே மரபணு கருமுட்டையின் முதல் பிரிவுக்கு வேண்டும். மரபணு ஒன்றே, வேலை மட்டும் கிளைக்குக் கிளை மாறியிருக்கிறது. பூவின் உறுப்புகளை வகுக்கும் மரபணுக்கள் பலவும் அடங்கிய மேட்ஸ் பெட்டிக் குடும்பம் பெரணியிலும் உண்டு, அதன் கதையும் இப்படித்தான். பெரணியின் மேட்ஸ் பெட்டி மரபணுக்களைப் பூவின் உறுப்பு மரபணுக்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாது.

மரபியல் ஆய்வுக்கு ஏற்றது செரடாப்டெரிஸ் ரிச்சார்டி. அதன் ஏ-சிஇ தூண்டி கிடைத்தால் வித்து ஆணாகிறது: சிறியதாக, நாக்கு வடிவில், ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஆணணுவகமாகும். கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் ஆக்குத்திசு (பிரிந்துகொண்டே இருக்கும் செல்தொகுதி) தோன்றி, இருபால் புரோதாலஸாக விரிகிறது. தாவர மரபியலாளர் ஜோ ஆன் பேங்க்ஸின் குழு சடுதிமாற்றங்களை வைத்து இதன் கட்டுப்பாட்டைப் பிரித்துக் காட்டியது. ஹெர் மரபணு கெட்டால் தூண்டி இருந்தும் இருபாலாகவே வளரும். டிரா கெட்டால் தூண்டி இல்லாமலே ஆணாகும். ஃபெம் கெட்டால் ஆணணுவகமே வராது. டிராவும் ஃபெமும் ஒன்றையொன்று அடக்குபவை. தூண்டி வந்ததும் ஹெர் விழித்து டிராவை அடக்க, ஃபெம் மேலோங்குகிறது. அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனைச் சேர்த்தால் தூண்டியின் விளைவு தடைபடும்.

இதை வகுப்பறையிலேயே பார்க்கலாம். நீர்த்த சலவை ஹைப்போகுளோரைட்டில் வித்துகளைக் கிருமிநீக்கி, தூய நீரில் அலசி, 1 சதவீத அகார் கலந்த கனிம ஊடகத்தில் தூவி, 28 பாகை செல்சியஸில் தொடர் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஊடகத்தின் அமிலகாரநிலை 6-ஐ ஒட்டி இருக்கட்டும். ஒரு தட்டில் ஒரே ஒரு வித்து, இன்னொன்றில் சில நூறு. சுமார் இரண்டு வாரத்தில் தனித்தது இருபாலாகவும், கூட்டத்தில் பலவும் ஆண்களாகவும் தெரியும். பிழை வரும் இடங்கள் இரண்டு. முளைப்பு ஒரே நேரத்தில் நிகழாவிட்டால் முடிவு குழம்பும், ஆகவே தூவுமுன் வித்துகளைச் சில நாள் இருட்டில் நீரில் ஊறவைப்பார்கள். மூடியில் சேரும் நீர்த்துளி தட்டில் சொட்டினால் விந்தணுக்கள் நீந்திப் போய்க் கருவுற்றுவிடும், பிறகு பாலின எண்ணிக்கை கைக்கு வராது. இன்னொன்று: ஆண் புரோதாலஸைத் தூண்டி இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் அதன் செல்கள் சில பிரிந்து இருபாலாக வளரும். முதிர்ந்த இருபாலைத் தூண்டியில் வைத்தாலும் அது ஆணாகாது.

தனித்த புரோதாலஸ் தன் விந்தாலேயே கருவுறுவது பெரணிக்குப் பெரிய விலை. அதன் விந்தும் முட்டையும் ஒரே வித்திலிருந்து வந்த ஒரே நகல்கள், ஆகவே பிறக்கும் செடியில் எல்லா மரபணுவிலும் ஒரே வகை இரட்டித்து நிற்கும், கெட்ட பிரதியை மறைக்க நல்லது இராது. அக்கம்பக்கத்தை ஆண்களாக்கி அயல்விந்து கிடைக்கச் செய்வதுதான் தூண்டி தரும் ஆதாயம். அனீமியாவில் இருட்டில் கிடக்கும் வித்துகளையும் அது முளைக்க வைக்கிறது.

எல்லாப் பெரணிகளுக்கும் இச்சொல் பொருந்தாது. ஆரைக்கீரையும் அசோலாவும் இரு அளவு வித்து உண்டாக்குபவை. பெரியது பெண், சிறியது ஆண் என்பது தாய்ச்செடியிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே அயல்செடியின் செய்திக்கு வேலை இல்லை, ஆணணுவகத் தூண்டி என்ற சொல்லை அவற்றுக்குப் பயன்படுத்தவும் கூடாது.