மானாவாரி: மானம் கொடுக்கும் வாரி

“மூணு ஏக்கரா கொல்லை கீது, எல்லாம் மானாவாரி.” வேலூர் மாவட்டத்து ஊர்களான அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் நிலத்தைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். ஏரிப் பாசனம் இல்லை, கிணறு இல்லை. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் விதையும் போச்சு. அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

இதை உருதுச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. உழவரிடமே அரசு நேராக வரி வாங்கிய ‘ரயத்துவாரி’ முறையின் பெயர் காதில் தங்கிவிட்டதுதான் காரணமாக இருக்கும். 1792க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலில் அந்த வரிமுறையைத் தொடங்கியபோது நம் திருப்பத்தூரும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் அந்த ‘வாரி’ வேறு. ‘மாவட்ட வாரியாக’ என்கிறோமே, அதில் வருகிற பாரசீக ஒட்டு அது.

மானாவாரி என்பது வானவாரி. வானம் + வாரி, அவ்வளவுதான். வகரம் மகரமாவது தமிழில் புதிதல்ல: விஞ்சு மிஞ்சு ஆனது, விழுங்கு பேச்சில் முழுங்கு ஆனது. வானத்தை ‘மானம்’ என்று சொல்வது எங்கள் பக்கம் இன்றும் உண்டு. “மானம் கருத்துக்கினு வருது, கொடிய அள்ளிப் போடுங்கடா” என்று, காய்கிற கடலைக்கொடியைக் காட்டிப் பெரியப்பா கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. அகராதியே தேவையில்லை, அந்தக் குரலே போதும்.

‘வாரி’க்கு நீர் என்றும் பொருள் உண்டு, வருவாய் என்றும் பொருள் உண்டு. வான்நீர் என்று கொள்பவர்களை மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு வருவாய் என்ற பொருளே பிடிக்கும். அதற்குக் குறளே சான்று: “ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்.” மழை என்கிற வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார். மாதச் சம்பளம் போல வானம் கொடுக்கிற வரும்படி என்று மழையை ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்!

புன்செய் வேறு, மானாவாரி வேறு. புன்செய் நிலத்தின் வகை. மானாவாரி தண்ணீர் வரும் வழி. புஞ்சையில் கிணறு வெட்டி இறைத்தால் அது இறவை ஆகிவிடும், மானாவாரி ஆகாது. எங்கள் ஊரில் நெல் போடுகிற இடம் கழனி, மேட்டு நிலம் கொல்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொல்லை வீட்டின் பின்பக்கம். அதனால் “கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கோம்” என்றால் அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள்.

மல்லாட்டைதான் எங்கள் மானாவாரியின் உயிர். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. வேலூரில் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு. பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் இடியோடு இறங்கும். அதை நம்பித்தான் ஆனியிலும் ஆடியிலும் விதைக்கிறோம். வானிலைத் துறைக்கு 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால் அது மழை நாள். உழவருக்கு அது புழுதி அடங்கிய நாள், அவ்வளவுதான். அவர் கேட்பது “ஒரு உழவு மழையா, ரெண்டு உழவு மழையா?” என்று. பெரியப்பா மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி, அடிமண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடிப்பார். உருண்டை நின்றால் ஏர் கட்டலாம். நிற்காமல் உதிர்ந்தால், மேலே எவ்வளவு ஈரம் தெரிந்தாலும் விதைப்பையை அவிழ்க்க மாட்டார்.

விதைத்தபின் இன்னும் இரண்டு கண்டம். மஞ்சள் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல் ஒன்று மண்ணுக்குள் இறங்கும். அதன் முனையில்தான் காய். அந்த நேரத்தில் மண் காய்ந்து இறுகிவிட்டால் ஊசி இறங்காது, செடி பச்சையாக நின்றாலும் காய் இருக்காது. அடுத்தது அறுவடை. எங்கள் கொத்து ரகத்துக்குச் சுமார் 105 நாள். ஆடி தொடக்கத்தில் போட்டது ஐப்பசியில் வரும்; வடகிழக்குப் பருவமழையும் அப்போதே வரும். கொத்து ரக விதைக்கு உறக்கம் கிடையாது. பிடுங்க இரண்டு நாள் தாமதித்தால் முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைவிடும்.

மாட்டுக்கும் இதே வானம்தான். காய் ஆய்ந்தபின் மிஞ்சும் கொடியைக் காயவைத்துப் போர் போட்டால் கோடை வரைக்கும் தீவனம். நனைந்த கொடி பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போகும். பசித்த மாடும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காய் முற்றும்போது வறட்சி வந்தால் இன்னொரு கெடுதல்: பருப்பில் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். அந்தப் பருப்பின் பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அது இறங்கும். ஆடுகளுக்கு முதல் மழைதான் ஆபத்து. திடீரென்று முளைத்த இளம்புல்லை வயிறுமுட்ட மேய்ந்தால் துள்ளுமாரி என்கிற குடல் நஞ்சு நோய் வரும், கொழுத்த ஆடுதான் முதலில் விழும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? மானாவாரியே நல்ல தமிழ். அதை மாற்ற வேண்டியதில்லை. வேர் தெரிய வேண்டிய இடத்தில் வானவாரி என்று எழுதலாம். நீட்டிச் சொல்ல ‘வானம் பார்த்த பூமி’ இருக்கிறது. ‘உலர்நில வேளாண்மை’யை மழை குறைந்த வறண்ட பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், நல்ல மழை உள்ள இடத்திலும் மானாவாரி உண்டே. ‘மானாவாரியாகத் திட்டினான்’ என்று கணக்கில்லாமல் செய்வதற்கு இதைச் சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்க்காமல் ஒரு விதையும் போடாதவர்களின் சொல் இது.