ஈரானுக்குப் போகும் தேயிலை: காசு யார் கைக்கு வருகிறது?

இலங்கை ஈரானுக்குத் தர வேண்டிய எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை என்றதும் இங்கிருந்து தேயிலை போக, அங்கிருந்து எண்ணெய்க் கப்பல் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணெய் 2012இலேயே வந்து எரிந்தும் முடிந்துவிட்டது. இப்போது அனுப்புவது அந்தப் பழைய பாக்கிக்காக.

கொழும்புக்கு அருகிலுள்ள சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்க்கு) பொருந்தும்படி அமைக்கப்பட்டது, அதனால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நீண்ட காலம் அங்கிருந்து வாங்கியது. ஈரான் மீதான அமெரிக்கத் தடை இறுகியதும் பணம் அனுப்பும் வழி அடைபட, சுமார் 251 மில்லியன் டொலர் கட்டப்படாமல் நின்றுவிட்டது. 2021 டிசம்பரில், ரமேஷ் பத்திரண பெருந்தோட்ட அமைச்சராக இருந்தபோது, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கடனைக் கழிக்க இரு நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அந்த வேகத்தில் போனால் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும்.

தேயிலை உணவுப்பொருள், அதை விற்கத் தடை இல்லை. சிக்கல் வங்கியில்தான். டொலர் கொடுப்பனவு அமெரிக்க வங்கிகளைத் தொடாமல் போவது அரிது, அதனால் ஈரான் பெயரைப் பார்த்தாலே நம் வங்கிகள் ஒதுங்கிக்கொள்ளும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும் காசுக்காகக் காத்திருப்பது ஏற்றுமதியாளர்களுக்குப் பழகிப்போன தலைவலி.

புதிய ஏற்பாட்டில் எல்லை தாண்டிப் பணம் போவதே இல்லை. ஈரானிய இறக்குமதியாளர் தேயிலைக்கான காசை அங்கேயே ரியாலில் கட்டுகிறார், அது நாம் தர வேண்டிய கடனில் கழிகிறது. இங்கே பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தரும் ரூபா, தேயிலைச் சபை வழியாக ஏற்றுமதியாளருக்கு வருகிறது. ஏற்றுமதியாளருக்கு நிச்சயமான காசு, ஆனால் கையில் வருவது ரூபா. பொதியிடும் பொருள் முதல் உரம் வரை டொலர் கொடுத்து வாங்கும் துறைக்கு இது லேசான விஷயம் இல்லை, ஒப்பந்தம் கைச்சாத்தான நாட்களிலேயே இதைத் தோட்டத் தரப்பினர் சொன்னார்கள். நாடும் அந்தத் தேயிலைக்குப் புதிதாக ஒரு டொலரும் பார்க்காது, கடன் குறையும், அவ்வளவுதான்.

கொழுந்து கொடுக்கும் சிறுதோட்டக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். ஈரான் விரும்பிக் குடிப்பது பெரும்பாலும் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை, அதில் பெரும்பகுதி சிறுதோட்டக் கொழுந்து. தொழிற்சாலை தன் தேயிலைக்குக் கிடைத்த நிகர விற்பனை விலையில் 68 வீதத்தைக் கொழுந்து கொடுத்தவருக்குத் தர வேண்டும், மிச்சம் 32 வீதம் தொழிற்சாலைக்கு. ஆகவே கொழும்பு ஏலத்தில் ஈரானுக்காக வாங்குவோர் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அவர் கைக்கு வரும் விலையைத் தொடும். அவர் தனியாக எந்த விண்ணப்பமும் போட வேண்டியதில்லை, தனிக் கொடுப்பனவும் கிடையாது. திட்டத்தில் பெயர் சேர்க்கிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மலையகத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு அந்த அளவு தொடர்பும் இல்லை. 2021இல் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா நாட்சம்பளம், சம்பளச் சபை வழியாக வந்தது, தேயிலை எந்த நாட்டுக்குப் போகிறது என்பதால் சம்பளம் மாறாது. ஒரு சந்தை திரும்பத் திறக்கும்போது கொழுந்து பறிக்கும் கைக்கு அதில் எதுவும் எழுதப்படவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அப்புறம் வேகம். 2022இன் நெருக்கடியில் எல்லாம் தள்ளிப்போய், 2023இல்தான் தேயிலை போகத் தொடங்கியது. அதுவரை போன தேயிலைக்கு 2024 தொடக்கத்தில் சொல்லப்பட்ட கணக்கு சுமார் 20 மில்லியன் டொலர். 251 மில்லியன் கடனில் அது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.