வியாழக்கிழமை காலையைத் தவறவிடாதீர்கள்

பர்மாவில் பெகுவைச் சுற்றியுள்ள மாட்டுப் பட்டிகளில் இந்த மாதமும் அதே கதைதான். மாட்டைக் குறித்த நாளில் சினைப்படுத்துவதற்கான மூன்று ஹார்மோன் ஊசியும் ஒழுங்காகப் போட்டாகிவிட்டது. சினை ஊசி போட வேண்டிய காலையில், "மாடு கத்தவே இல்லை டாக்டர், வழும்பும் விழவில்லை. விந்துக் குச்சியை எதுக்கு வீணாக்கணும்?" என்று நிறுத்திவிடுகிறார்கள். போட்ட ஊசிக் காசெல்லாம் போச்சு. இன்னும் மூன்று வாரம் தண்டத் தீனி.

தயவுசெய்து கேளுங்கள். பருவ அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே 1995இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். திங்கள் காலை 8 மணிக்கு ஜி.என்.ஆர்.எச். (முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஹார்மோன்). அடுத்த திங்கள் காலை 8 மணிக்குப் புரோஸ்டாகிளாண்டின் (மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோன்). புதன் மாலை 4 மணிக்கு மறுபடி ஜி.என்.ஆர்.எச். வியாழன் காலை 8 முதல் 10 மணிக்குள் சினை ஊசி. அவ்வளவுதான்.

மாடு கத்துவதும் ஏறுவதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செய்கிற வேலை. அது உச்சத்துக்குப் போகும் முன்பே புதன் மாலை ஊசி முட்டையை வெளியே தள்ளச் சொல்லிவிடுகிறது. அதனால் பல மாடுகள் சத்தமில்லாமல் அசை போட்டுக்கொண்டு நிற்கும். ஆனாலும் முட்டை வரும்: 24 முதல் 32 மணி நேரத்துக்குள், அதாவது வியாழன் மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில். விந்தணு உள்ளே போய்ப் பக்குவப்படச் சில மணி நேரம் வேண்டும். முட்டைக்கோ ஆயுள் மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை அறிகுறி பார்த்துப் போடலாம் என்று இருந்தால், விந்து போய்ச் சேரும்போது முட்டை கெட்டிருக்கும். கத்தாத மாட்டுக்கும் போடுங்கள்!

செவ்வாயிலோ புதன் பகலிலோ மற்ற மாடு ஏற மாடு நின்று கொடுத்தால் மட்டும் கணக்கு வேறு. அப்போது வியாழனுக்காகக் காத்திருக்காமல், காலையில் கண்டால் மாலையிலும் மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் போட்டுவிடுங்கள்.

சின்ன மாடு என்று மருந்தைப் பாதியாக்காதீர்கள். ஜி.என்.ஆர்.எச்.சுக்கு 10 மைக்ரோகிராம் பூசரலின், புரோஸ்டாகிளாண்டினுக்கு 500 மைக்ரோகிராம் குளோப்ரோஸ்டெனால், இரண்டும் தசைக்குள் ஆழமாக. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. கொட்டில் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில்தானே, அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்.

குச்சியைக் கக்கத்தில் வைத்து உருக்குவதை என்றைக்கு விடப்போகிறீர்கள்? பிளாஸ்கில் 35 முதல் 37 டிகிரி வெந்நீர், தெர்மாமீட்டர் வைத்து அளந்தது, 40 வினாடி. எடுத்ததும் ஈரம் துடையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விந்தணு சாகும். 15 நிமிடத்துக்குள் மாட்டுக்குள் போயிருக்க வேண்டும். திஞ்சான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) சமயத்து வெயிலில் மாடு மூச்சிரைத்து நின்றால் சினை நிற்பது குறையும். நிழலும் தண்ணீரும் முந்தின வாரமே வேண்டும்.

கன்று ஈன்று 50 நாள் ஆகாத மாட்டையும் விலா எலும்பு எண்ணுகிற மாட்டையும் இதில் சேர்க்காதீர்கள். தீனிக் குறையை ஊசி சரிசெய்யாது. நல்ல மாடுகளிலேயே 100க்கு 30, 40தான் முதல் முறையில் நிற்கும்.

போட்ட 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை காலையும் மாலையும் பருவம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் 45ஆம் நாள் வாக்கில் சினை பார்க்கச் சொல்லுங்கள். சினை இல்லாத வெறும் மாடு என்று உள்ளே கையை விட்டுப் பார்த்து உறுதியாகாமல் அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள். புரோஸ்டாகிளாண்டின் சினையைக் கலைத்துவிடும்.