காட் ரோடு: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?

தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில், வத்தலகுண்டு – பெரியகுளம் நெடுஞ்சாலையிலிருந்து கொடைக்கானலுக்குப் பிரிகிற இடத்தின் பெயரே காட்ரோடு. பஸ் நிறுத்தம் அதே பெயரில், சோதனைச்சாவடி அதே பெயரில், பத்திரிகைச் செய்தியிலும் அப்படியே. அந்தப் பக்கம் புதிதாக வருகிற பலர் அதைக் 'காட்டு ரோடு' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். காட்டுக்குள் போகிற ரோடு, அதனால் அந்தப் பெயர் என்று விளக்கமும் சொல்கிறார்கள். காடு என்ற சொல்லோடு ரோடு சேர்ந்தால் காட்டு ரோடு என்றுதான் வரும், காட்டுவழி, காட்டுப்பன்றி மாதிரி. 'காட்' என்று நின்றாலே அது நம்ம காடு கிடையாது, வேறு எங்கிருந்தோ வந்த சொல்.

வடமொழியில் 'கட்டம்' என்றால் ஆற்றில் இறங்குகிற படித்துறை. இந்தியிலும் மராத்தியிலும் அது 'காட்' ஆனது. காசியில் மணிகர்ணிகா காட், தசாசுவமேத காட் என்று கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான். ஆற்றுக்கு இறங்குகிற இடம் என்ற பொருள் மெல்ல நீண்டு, மலையிலிருந்து இறங்குகிற வழிக்கும் ஆகிவிட்டது. தக்காண மேட்டிலிருந்து கொங்கணக் கரைக்கு இறங்கும் வழிகளை மராத்திக்காரர்கள் போர் காட், தால் காட் என்கிறார்கள். அங்கே வந்த ஐரோப்பியர்கள் வழியின் பெயரை எடுத்து மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் வைத்துவிட்டார்கள். இறங்குகிற பாதையின் பெயர் மலைக்கே பெயரானது இப்படித்தான். பிறகு அந்த மலையில் ஏறுகிற ரோட்டுக்கு மறுபடியும் 'காட் ரோடு' என்று பெயர். வந்த வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது சொல்.

நம்ம அண்டை மொழிகள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மேற்குத் தொடர்ச்சி மலை மலையாளத்தில் பச்சிமகட்டம், கன்னடத்திலும் கட்ட என்றே வைத்துக்கொண்டார்கள். தெலுங்கில் கிழக்குத் தொடர்ச்சி மலை 'தூர்ப்பு கனுமலு', அதாவது தங்கள் சொல்லான கனுமவைப் போட்டுக்கொண்டார்கள். தமிழில் மட்டும் வழியை விட்டுவிட்டு மலையைப் பார்த்துத் 'தொடர்ச்சி மலை' என்றோம். அதற்கும் முன்னால் அது குடமலை, மேற்கே இருக்கிற மலை. குடமலையில் பிறந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆக மலைத்தொடருக்கு நமக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் ரோட்டுக்குத்தான்.

சிக்கல் எனக்குத் தெரிய வந்ததும் ரோட்டால்தான். வத்தலகுண்டிலும் கொடைக்கானலிலுமாக நாங்கள் சிலர், வரலாற்றில் பட்டம் வாங்கியவர்கள் யாரும் இல்லை, ஓய்வு பெற்ற ஒரு ஓட்டுநர், ஒரு காப்பித் தோட்டக்காரர், இரண்டு ஆசிரியர்கள் என்ற மாதிரி, கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டி முதலில் ஏறிய சாலையின் கதையைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கும் பஸ் போகிற அந்தச் சாலைக்கு லாஸ் காட் என்று பெயர். சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, லா என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் அது. அவர் போடத் தொடங்கிய வழி 1914இல்தான் மோட்டார் ஓடுகிற சாலையாக முடிந்தது.

அதற்கு முன்னால் ஆட்கள் எப்படி மேலே போனார்கள்? 1821இல் வார்டு என்ற அளவைத்துறை அதிகாரி இந்த மலைகளை அளந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் மேலே இரண்டு பங்களா கட்டினார்கள். 1875இல் ரயில் வந்தது, அம்மையநாயக்கனூர் நிலையம் பிற்பாடு கொடைரோடு ஆனது. ரயிலில் வந்து இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளத்துக்குப் பக்கத்து அடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரைக்கும் போய், அங்கிருந்து செண்பகனூர் வழியாகக் குதிரையிலோ நடந்தோ டோலியிலோ ஏற வேண்டும். டோலி என்றால் நாற்காலியைக் கம்பில் கட்டி ஆட்கள் தோளில் சுமப்பது. சுமந்தவர்களை வைத்து அந்த வழிக்கு ஆங்கிலத்தில் 'கூலி காட்' என்றே பெயர் வந்தது. சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் அமைந்ததும், சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் அங்கே கண்டுபிடித்ததும் எல்லாம் மோட்டார் ஏறாத காலத்தில். கண்ணாடியும் இரும்புமாக அத்தனை கருவியையும் மேலே கொண்டு சேர்த்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். டோலி போன வழியும் காட், வண்டி போன வழியும் காட், மோட்டார் போன வழியும் காட். பழைய கடிதத்தில் 'காட்டில் இரண்டு நாள் மழை, இறங்க முடியவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால் அது எந்த வழி? ஒரு பழைய படத்துக்குக் கீழே 'கொடைக்கானல் காட்' என்று மட்டும் இருந்தால் எங்கே போய் நின்று ஒப்பிடுவது? ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் மூடிவிட்டார்கள், நாமும் அதையே எழுத்துப்பெயர்த்து எழுதினால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறோம். நீலகிரியிலும் இதே கதை: கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் காலத்தில், 1823இல் முடிந்த சிறுமுகை – கோத்தகிரி வழியும் காட், 1830களில் வந்த குன்னூர் வழியும் காட், 1871 வாக்கில் வந்த புதிய குன்னூர் சாலையும் காட்.

கொடைக்கானல் சாலையில் ஊத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் பழைய காட் ரோடு பற்றிக் கேட்டோம். "எதைக் கேக்குறீங்க தம்பி, குதிரைப்பாதையா, வண்டிப்பாதையா, பஸ் ரோடா?" என்று திருப்பிக் கேட்டார். பேச்சுத் தமிழில் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. எழுதுகிறவர்கள்தான் அதை விட்டுவிட்டோம்.

சரி, காட் ரோட்டுக்கு அகராதிகளும் ஆர்வலர்களும் சொல்லுகிற தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம்.

'கணவாய்' என்று பலர் எழுதுகிறார்கள். கன்னடத்தில் கணிவெ, தெலுங்கில் கனும, எல்லாம் ஒரே குடும்பம், நல்ல சொல். ஆனால் கணவாய் என்பது இரண்டு மலைக்கு நடுவே இருக்கிற இடைவெளி. ஆண்டிபட்டிக் கணவாயைப் பாருங்கள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து போய் மலை இடுக்கைத் தாண்டினால் அந்தப்புறம் தேனிச் சமவெளி. பாலக்காட்டுக் கணவாயும் அப்படித்தான். கொடைக்கானல் சாலை எந்த இடைவெளியையும் தாண்டவில்லை, மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது, மேலேயே நின்றுவிடுகிறது. அதைக் கணவாய் என்பது பொருந்தாது.

'சுரம்' இன்னும் சுவையான சொல். சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் போகிற கடினமான வழி சுரம். நமக்கு இன்றைக்குச் சுரம் என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மலையாளத்தில் அது உயிரோடு இருக்கிறது. நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் போய் நாடுகாணி வழியாகக் கேரளத்துக்கு இறங்குகிற சாலையைக் கேளுங்கள், நாடுகாணிச் சுரம் என்பார்கள். வயநாட்டுக்கு ஏறுவது தாமரசேரிச் சுரம். நம்ம பழைய சொல் மலைக்கு அந்தப்பக்கம் போய் பஸ் பலகையில் உட்கார்ந்திருக்கிறது! மீட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் 'கொடைக்கானல் சுரம்' என்று எழுதினால் வாசிப்பவர் டாக்டரைத் தேடுவார், அதனால் பொதுப் புழக்கத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே மலையில் இன்னொரு பழஞ்சொல் ஊர்ப்பெயராக இருக்கிறது, கேட்காமல் போகிறோம். பெருமாள்மலையிலிருந்து பெரியகுளத்துக்கு இறங்குகிற வழியில் அடுக்கம் என்று ஒரு ஊர். சங்கத் தமிழில் அடுக்கம் என்றால் மலைச்சரிவு, பக்கமலை. சரிவில் இருக்கிற ஊருக்குச் சரிவு என்றே பெயர்.

மிச்சம் இருப்பது மலைப்பாதையும் மலைச்சாலையும். இரண்டும் ஒன்று என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம், செய்தித்தாளிலும் கலந்தே வருகிறது. என் கருத்து, இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காலும் குளம்பும் போவது பாதை, சக்கரம் போவது சாலை. ஒற்றையடிப்பாதை என்கிறோம், ஒற்றையடிச்சாலை என்று யாரும் சொல்வதில்லை. நெடுஞ்சாலை என்கிறோம், நெடும்பாதை என்பதில்லை. பேச்சில் வண்டிப்பாதை என்றும் வரும், இருக்கட்டும், வண்டி என்ற சொல் அங்கே குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. அதனால் டோலியும் குதிரையும் போன தோப்பு வழி மலைப்பாதை. லாஸ் காட் மலைச்சாலை. மோட்டாருக்கு ஊர்தி என்று போட்டு 'ஊர்திச் சாலை' என்றும் எழுதலாம், ஆனால் மோட்டார் என்ற சொல்லை நம்ம தாத்தாக்களே தமிழாக்கிவிட்டார்கள், 'மோட்டார் சாலை' என்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

இந்தப் பிரிவு வெறும் சொல் விளையாட்டு இல்லை, சரிவுக் கணக்கு அதில் இருக்கிறது. ஆளும் குதிரையும் ஆறடிக்கு ஓரடி உயருகிற செங்குத்தில்கூட ஏறிவிடும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கும் அந்தக் கால மோட்டாருக்கும் இருபதடிக்கு ஓரடி என்ற அளவில் சாய்வு இருந்தால்தான் நிம்மதி. 6,000 அடி உயரம் ஏற வேண்டும் என்று வையுங்கள். முதல் கணக்கில் ஏழு மைல் போதும். இரண்டாவது கணக்கில் 1,20,000 அடி, அதாவது சுமார் 23 மைல். இந்தக் கூடுதல் தூரத்தை எல்லாம் மலையின் மேலேயே மடித்து மடித்து வைக்க வேண்டும், வளைவுகள் வருவது அதனால்தான். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் 50 கிலோமீட்டருக்கு மேல், பழைய தோப்புப் பாதை அதில் பாதிகூட இல்லை என்பதன் காரணம் இதுதான்.

தரையில் நின்று பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு. பாதையாக இருந்தால் கல் பாவியிருக்கும், அகலம் இரண்டு ஆள் எதிர் எதிரே ஒதுங்குகிற அளவு, ஏறி மூச்சு வாங்குகிற இடத்தில் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் இருந்தாலும் இருக்கும். சாலையாக இருந்தால் பள்ளப்பக்கம் தாங்குசுவர், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லோடு கல்லைக் கடித்து வைத்துக் கட்டியது, உள்பக்கம் சற்றே சாய்த்து, பெரிய கல் கீழே சின்னக் கல் இடுக்கில். விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும், தண்ணீர் வடிவதற்காகவே காரை பூசாமல் விட்டிருக்கிறார்கள். மலைப்பக்கம் ஓரக்கால்வாய், ஓடை குறுக்கிடும் இடத்தில் சிறுபாலம். இந்தச் சிறுபாலத்தை ஊர்க்காரர்கள் 'கல்வெட்டு' என்பார்கள், கல்வெர்ட் என்ற ஆங்கிலச் சொல் அப்படித் திரிந்தது. "அந்தக் கல்வெட்டுக்கிட்ட" என்று யாராவது வழி சொன்னால் எழுத்தைத் தேட வேண்டாம், பாலத்தைத் தேடுங்கள். நல்ல கல் வளைவுப் பாலமாக இருந்தால் வரலாற்றுக்கு அதுவும் சான்றுதான்.

இன்னொரு பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் கலந்து பேசுகிறார்கள். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்குக் கிட்டே இருக்கிற டாப் ஸ்டேஷன் பக்கம் போன பழைய சாலை 'எஸ்கேப் ரோடு'. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தாக்கினால் தப்பிப் போகிற வழி என்று வைத்திருந்ததால் அந்தப் பெயர். 1990இல் மூடிவிட்டார்கள். அது அடிவாரத்திலிருந்து ஏறுகிற சாலை இல்லை, மேட்டின் மேலேயே ஓடியது. காட் என்ற சொல்லுக்குள் இறக்கம் இருக்க வேண்டும், ஆகவே அதை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

வளைவுக்கு வந்தால் 'கொண்டை ஊசி வளைவு' ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்ததுதான், ஆனால் நெடுஞ்சாலைப் பலகை வரைக்கும் போய் நிலைத்துவிட்டது, நீலகிரியின் கல்லட்டிச் சாலையில் 36 இருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லும். மாற்ற வேண்டாம். அதோடு 'முடக்கு' என்ற சொல்லையும் மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளலாம். மதுரையில் முடக்குச்சாலை என்று ஒரு இடமே இருக்கிறது, வழி மடங்குகிற இடம் முடக்கு. பழைய படம் வைத்திருப்பவர்கள் பின்பக்கம் குறிப்பு எழுதும்போது வெறுமனே 'காட் ரோடு' என்று விடாமல், மலைப்பாதையா மலைச்சாலையா, எந்த ஊருக்குக் கீழே, எத்தனையாவது முடக்கு என்று தெரிந்தவரை எழுதி வையுங்கள். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து வீடுகளில் இப்படிப் படங்கள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பக்கத்துச் சாலைகளைத்தான் நாங்கள் அடுத்து எடுக்கப் போகிறோம்.