விமானத்தின் விலை செய்தித் தலைப்பில் இருப்பதில்லை

ஒரு விமான நிறுவனம் நூறு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததாகச் செய்தி வந்தால், அதன் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி டாலர் என்ற தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. கொள்முதல் திட்டமிடலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலைப்பில் வருவது தயாரிப்பாளர் அறிவிக்கும் பட்டியல் விலையின் கணக்கு; பெரிய ஆர்டர்களில் அந்த விலையை யாரும் கொடுப்பதில்லை, பாதி அளவுக்குத் தள்ளுபடி கிடைப்பதுகூட வியப்புக்குரியதல்ல. 2018-க்குப் பிறகு ஏர்பஸ் அந்தப் பட்டியலை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

உண்மையான கணக்கு, விமானம் வந்து சேர்ந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு அதை ஓட்ட ஆகும் செலவிலிருந்துதான் தொடங்குகிறது. போயிங் 737 ஓட்டும் விமானி, ஏர்பஸ் ஏ320-ஐ ஓட்ட வேண்டுமானால் அந்த ரகத்துக்கான தனி உரிமம் பெற வேண்டும். பல வாரப் பயிற்சி, சிமுலேட்டர் நேரம், அதுவரை அவர் பறக்காததால் ஏற்படும் இழப்பு எல்லாம் நம் கணக்கில்தான் சேரும். உதிரிபாகங்களும் பொறியாளர்களின் உரிமங்களும் அப்படியே. ஒரே ரகத்தைச் சார்ந்திருப்பது இதனால்தான் இலாபகரமாகத் தெரிகிறது. ஆயினும் அது முடிந்த முடிவல்ல: 737 விமானங்களை மட்டுமே வைத்திருந்த பிரிட்டனின் மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஈஸிஜெட், 2002-இல் ஏர்பஸின் 120 ஏ319 விமானங்களைத் தேர்ந்தெடுத்தது. மாற்றத்தின் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு விலை இறங்கினால் கணக்கு திரும்பிவிடும். மாறவே மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் நம்பிவிட்ட வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி குறையும் என்பதால், மாறும் எண்ணமில்லாத நிறுவனங்கள்கூட எதிர்த்தரப்பை அழைத்து மேசையில் உட்கார வைக்கின்றன.

இருக்கைகளின் எண்ணிக்கையிலும் நுணுக்கம் உண்டு. ஐம்பது இருக்கைகளுக்குப் பயணிகளைக் கவனிக்கும் ஒரு பணியாளர் என்பது பரவலான விதி. ஆகவே 150 இருக்கைகளுக்கு மூவர் போதும், 151-ஆவது இருக்கை நான்காமவரைக் கேட்கும். அயர்லாந்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ரையான்ஏர் பழைய 737-இல் வைத்திருந்த 189 இருக்கைகளை, கூடுதல் இருக்கைகளுக்கென உருவான 737-8200 ரகத்தில் 197 ஆக்கியபோது பணியாளர் எண்ணிக்கை நான்கைத் தாண்டவில்லை.

என் அனுபவத்தில், வெளியார் மிகக் குறைவாகக் கவனிப்பது எஞ்சினைத்தான். 737-இன் புதிய தலைமுறையான 737 மேக்ஸ் வாங்குபவருக்கு சிஎஃப்எம் நிறுவனத்தின் லீப் எஞ்சின் மட்டுமே உண்டு. ஏ320-இன் புதிய தலைமுறையான ஏ320நியோ வாங்குபவர் லீப், பிராட் அண்ட் விட்னி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வு, விமானத்தின் ஒப்பந்தத்துக்கு அப்பால், எஞ்சின் தயாரிப்பாளருடனான நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தமாக மாறுகிறது. அதில் பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகை என்று கட்டுவது வழக்கம். 2023-இல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பாகங்களுக்கான உலோகத் தூளில் குறை இருந்தது வெளிப்பட்டபோது, விமானத்தில் எந்தப் பழுதும் இல்லாமலே பல நிறுவனங்களின் ஏ320நியோக்கள் எஞ்சின் சோதனைக்காகத் தரையில் நின்றன. 2019 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ இருபது மாதங்கள் 737 மேக்ஸ் முடக்கப்பட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இரு தயாரிப்பாளர்களிடமும் வாங்கும் நிறுவனத்தைச் சிக்கனம் தெரியாதது என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இவை எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடியது, விமானம் எப்போது கையில் கிடைக்கும் என்பது. இரு தயாரிப்பாளர்களிடமும் பல ஆண்டு ஆர்டர்கள் தேங்கியிருப்பதால், சற்றுக் குறைந்த தரமுள்ளது மூன்று ஆண்டுகள் முன்னதாக வருமானால் அதுவே வெல்லும். அதனால்தான் ஒப்பந்தப் பேச்சில் எங்கள் இரவுகள் பெரும்பாலும் விலையில் கழிந்ததில்லை. விநியோகம் தாமதமானால் பழைய விமானத்தின் குத்தகையை நீட்டிக்கும் செலவை யார் ஏற்பது, வாக்களித்ததைவிட எரிபொருள் கூடுதலாகச் செலவானால் ஈடு எவ்வளவு என்ற இரண்டு உட்பிரிவுகளின் சொற்களில்தான் கழிந்தன.