புரூட்டலிசம் என்றால் மிருகத்தனமா?

கட்டுமானப் பொருளைப் பூசி மறைக்காமல் அப்படியே காட்டும் கட்டடக்கலைப் பாணிக்கு ஆங்கிலத்தில் ‘புரூட்டலிசம்’ என்று பெயர். அந்தப் பாணியில் கட்டிய லண்டனின் பார்பிக்கன் வளாகத்தைப் பற்றித் தமிழில் தேடினால், ‘மிருகத்தனக் கட்டடக்கலையின் உன்னதப் படைப்பு’ என்ற ரீதியில்தான் வந்து நிற்கிறது. மிருகத்தனமும் உன்னதமும் ஒரே வரியில்! எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை. இன்னும் சிலர் ‘கொடூரவியல்’ என்கிறார்கள். கட்டடம் யாரையோ கடித்துவிட்டது போல.

வேரை வேகமாகப் பார்த்துவிடலாம். பிரெஞ்சில் ‘ப்ரூட்’ என்றால் மெருகிடாதது, பதப்படுத்தாதது. மார்செய் நகரில் 1952-ல் முடிந்த குடியிருப்பில், பலகையின் அச்சு தெரியும்படி விட்ட கான்கிரீட்டை கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ‘பெத்தோன் ப்ரூட்’, அதாவது மெருகிடாத கான்கிரீட், என்றார். அதற்குச் சற்று முன்பே சுவீடனில் ஹான்ஸ் அஸ்ப்லுண்ட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு செங்கல் வீட்டைப் பார்த்து, லேசான கிண்டலோடு ‘புதிய புரூட்டலிசம்’ என்று சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் அலிசன், பீட்டர் ஸ்மித்சன் என்ற கட்டடக் கலைஞர் தம்பதியர் அந்தச் சொல்லைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1955-ல் விமர்சகர் ரேனர் பேன்ஹாம் எழுதிய கட்டுரை அதை ஊரறியச் செய்தது.

ஆங்கிலத்தின் ‘புரூட்டல்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் பங்காளி செய்த குற்றத்துக்கு இவனை ஏன் பிடிக்க வேண்டும்? கச்சா எண்ணெயைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பெத்ரோல் ப்ரூட்’ என்கிறார்கள். அதை ‘மிருகத்தன எண்ணெய்’ என்று எழுதுவோமா? ஷாம்பெயின் புட்டியில் ‘ப்ரூட்’ என்று போட்டிருந்தால் இனிப்புக் குறைவு என்று பொருள், குடித்தவர் கொடூரமாவார் என்றல்ல.

சரி, பார்பிக்கனில் அப்படி என்ன மிருகத்தனம் நடந்தது? நடந்தது 1940 டிசம்பரில், ஜெர்மன் குண்டுவீச்சில். இன்று பார்பிக்கன் நிற்கும் கிரிப்பிள்கேட் வட்டாரம் தரைமட்டமானது. 1951-ல் அங்கே குடியிருந்தவர்கள் 48 பேர்தான். அந்தப் பாழ்நிலத்தில் சேம்பர்லின், பவெல், பான் என்ற மூவர் சுமார் 2,000 வீடுகள், 40 மாடிகளைத் தாண்டும் மூன்று கோபுரங்கள், ஏரி, பள்ளி, உயர நடைபாதைகள் எல்லாம் சேர்த்து ஒரு குட்டி நகரத்தையே வரைந்தார்கள். வீடுகள் 1976-ல் முடிந்தன. இசையரங்கும் நாடக அரங்கும் கொண்ட கலை மையம் 1982-ல் திறந்தது. 2001-ல் வளாகம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது.

அதன் சுவர்களைத்தான் கவனிக்க வேண்டும். கான்கிரீட் போட்டு மூன்று வாரம் இறுக விட்டு, அப்புறம் தொழிலாளர்கள் கைச்சுத்தியால் கொத்திக் கொத்தி, உள்ளே இருக்கும் கருங்கல் ஜல்லியை வெளியே தெரிய வைத்தார்கள். நம்மூர்க் கொத்தனாரும் கான்கிரீட் தூணைக் கொத்திவிடுவார், ஆனால் அது மேலே பூசும் கலவை பிடிப்பதற்கு. பார்பிக்கனில் கொத்தியதோடு சரி, பூசவில்லை. இவ்வளவு கைவேலைக்குப் பெயர் மிருகத்தனமாம்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘பச்சைக் கான்கிரீட் பாணி’ எனலாமா? பச்சை மண், பச்சைச் செங்கல் என்கிறோமே. ஆனால் கட்டுமானத்தில் பச்சைக் கான்கிரீட் என்றால் ஊற்றி இன்னும் இறுகாதது. போதாக்குறைக்கு இன்றைக்குப் பச்சை என்றாலே சுற்றுச்சூழல். ‘கச்சா’வும் ஆகாது. அது இனிமேல்தான் பதப்படுத்த வேண்டிய சரக்கு, இதுவோ வேலை முடிந்த சுவர். ‘கான்கிரீட்டியம்’ என்றும் ஒரு யோசனை வரும். ஸ்மித்சன் தம்பதியர் ஹன்ஸ்டன்டனில் கட்டி 1954-ல் திறந்த பள்ளியைப் பார்த்தால் அது அடிபட்டுப்போகும். எஃகு, கண்ணாடி, செங்கல், மூடாமல் விட்ட குழாய்கள். அந்தப் பாணியின் ஆரம்பகாலச் சின்னமே கான்கிரீட்டில் இல்லை.

‘முரட்டுக் கட்டடக்கலை’ மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. முரடு சொரசொரப்பையும் குறிக்கும், குணத்தையும் குறிக்கும். மூலத்தின் இரட்டைப் பொருள் அப்படியே வந்துவிடுகிறது என்பார்கள் அதை விரும்புகிறவர்கள். எனக்கு அதுவே குறையாகப் படுகிறது. தமிழ் வாசகர் முரட்டு என்றதும் முரட்டு ஆளைத்தான் நினைப்பார், சுவரை அல்ல. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை வைத்தே வசை பாடியவர்கள் ஏராளம். அந்த வசையையும் நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

என் தேர்வு ‘பூச்சிலாப் பாணி’, அல்லது ‘பூச்சிலாக் கட்டடக்கலை’. பூச்சு வேலை எதுவென்று வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். பூசி மெழுகாதது என்ற நேர்மையும் அதில் ஒட்டிக்கொள்கிறது. பொருள்களை உள்ளபடி காட்டுவது பேன்ஹாம் சொன்ன இலக்கணங்களில் ஒன்று. எனவே கான்கிரீட்டுக்கும் பொருந்தும், செங்கல்லுக்கும் எஃகுக்கும் பொருந்தும். (ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். தயவுசெய்து அந்தப் ‘ப்’பை விழுங்காதீர்கள்.) பூச்சே இல்லாத கருங்கல் கோயிலும் பூச்சிலாப் பாணியா என்று கேட்கலாம். இல்லை. இது ஓர் இயக்கத்தின் பெயர். சிவப்பாக இருப்பதெல்லாம் செஞ்சிலுவைச் சங்கம் ஆகிவிடாதே.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ‘புரூட்டலிசம்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம். அதில் எனக்குக் கோபமில்லை. கடன் வாங்கிய சொல் பொய் சொல்லாது. அகராதியைத் திறந்து முதல் வரியில் இருக்கும் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டடத்தின் படத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த பத்திக்கு ஓடுகிற மொழிபெயர்ப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது அந்த வேலையை இயந்திரம் நொடியில் செய்கிறது. அதை எடுத்து அப்படியே ஒட்டுகிறவர் ஒரு முறையாவது வாய்விட்டுப் படித்திருந்தால், ‘மிருகத்தனமான கலை மையம்’ என்ற இடத்தில் நாக்கு இடறியிருக்கும்.